முப்பத்தொன்பது வெள்ளிக்கிழமை

கயிறு அளப்பதில் வடிவம்மாளின் கை ஏழு அங்குலம் குறை என்று திரேஸ்புரம் முழுக்கப் பேச்சு. வெறும் பேச்சில்லை, அளந்தே பார்த்துவிட்டார்கள். அவள் கடையில் வலைக் கயிற்றை மீட்டரில் கேட்கிறவன் வெளியூர்க்காரன். உள்ளூரில் பாகம்தான் கணக்கு. இரண்டு கையையும் சிலுவைபோல விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு பாகம். முப்பது வருஷம் அண்ணாச்சி கையில் அளந்து வாங்கியவர்களுக்கு, இப்போது அவர் பெண்டாட்டி கையில் வாங்கும்போது, ஒவ்வொரு பாகத்திலும் ஏழு அங்குலம் அண்ணாச்சியோடு சுடுகாட்டுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

மகன் சிவப்பிரகாஷ் ஆட்டோவில் வந்து இறங்கியபோது படகுக்காரன் கிளாட்வின் அந்த வழக்கைத்தான் நடத்திக்கொண்டிருந்தான். நங்கூரக் கயிறு இருபது பாகம் வாங்கினால் கடலில் பதினெட்டுக்கு மேல் இறங்கவில்லையாம். கடலும் அக்காவுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் ஆழம் குறைத்துக்கொண்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றான். வடிவம்மாள் சிரிக்காமல் மகனைப் பார்த்து, பையைக் கீழே வைத்துவிட்டு இவருக்கு அளந்து கொடு என்றாள். பெங்களூரிலிருந்து ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வந்தவன், முகம்கூடக் கழுவாமல் கயிற்றைப் பிடித்துக் கையை விரித்தான். இருபது முறை விரித்தான். கிளாட்வின் தன் வீட்டில் அண்ணாச்சி காலத்துக் கயிறு ஒன்றில் பாகத்துக்குப் பாகம் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தான். அதையும் கொண்டு வந்திருந்தான். இரண்டையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தான். முடிச்சுக்கு முடிச்சு ஒத்து வந்தது.

"அண்ணாச்சி கைதான்க்கா. ஒரு நூல் பிசகல" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் கேலி பேசாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

சிவப்பிரகாஷ் தன் கையையே பார்த்தான். அவன் ஊருக்கு வந்திருப்பதே அந்தக் கைக்குப் பயந்துதான்.

ஆறுமுகநேரி உப்பளத்துக்கு இந்தப் பக்கம், தேரி மணல் தொடங்குகிற இடத்தில் அவர்கள் குடும்பத்து மாடசாமி கோயில் இருக்கிறது. அவன் அப்பா அங்கே கோமரத்தாடி. சாமி இறங்கி ஆடுகிற ஆள். வருஷத் திருவிழாவான கொடையன்று மேளத்துக்கு ஆடுவதோடு முடிகிற வேலையாக இருந்தால் ஒருத்தரும் கவலைப்பட மாட்டார்கள். வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் அவர் கையால்தான் விளக்கு எரிய வேண்டும். இருபத்துநாலு வயதில் கப்பல் வேலைக்கு எழுதிப் போட்டு, மும்பைக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தவர் அப்பா. கிளம்புகிறதற்கு முந்தின வாரம் கொடை. வேடிக்கை பார்க்கத்தான் நின்றார். ஆடி முடித்து அவர் உட்கார்ந்தபோது மும்பை முடிந்துபோயிருந்தது. அதற்கப்புறம் அவருக்கு வாழ்க்கை என்பது வெள்ளிக்கும் வெள்ளிக்கும் நடுவே ஆறு நாள். கல்யாணமோ கருமாதியோ, சனிக்கிழமை கிளம்பி வியாழனுக்குள் திரும்புகிற தூரத்தில் நடந்தால் போவார்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் அவர் இறந்தார். போன வருஷம் துக்கம் என்று கொடை நடக்கவில்லை. இந்த வருஷம் சாமி புது ஆளை எடுக்கும். எடுப்பது ரத்தத்தில்தான். மகன் வந்து நின்றால் மகன், இல்லாவிட்டால் மகள். அப்பாவின் அண்ணன் வன்னியபெருமாளுக்கும் அதே ரத்தம்தான். ஆனால் பம்பை மேளத்தில் கை வைக்கிற சத்தம் கேட்டதும், சமையல் பந்தலில் பருப்பு தீய்கிறது என்று ஞாபகம் வந்து அவர் எழுந்து போய்விடுவார். முப்பது வருஷமாக அந்தப் பருப்பு சரியாக அதே நேரத்தில்தான் தீய்கிறது.

மகள் இசக்கிசெல்விக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. அடுத்த மாதம் விமானம். இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஒரு அத்தைக்குச் சாமி வந்து, அவளை வேறு வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தால் சாமியும் போய்விடுமே என்று யாரும் கட்டிக் கொடுக்கவில்லை. கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்து கிழவியாகிச் செத்தாள். அதனால் வடிவம்மாள் மகனுக்குப் போன் போட்டு, "நீ வந்து நில்லு. நீ நின்னா அவ மேல வராது" என்றாள். மீதிப் பாதியை அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அவனுக்கும் கப்பல்தான். ஒரு பெரிய உல்லாசக் கப்பலில் வாசிக்க நண்பன் ஷாமுடைய குழுவுக்கு ஒன்பது மாத ஒப்பந்தம். ஷாம் கிட்டார், இவன் ட்ரம்ஸ். சனிக்கிழமை கொச்சியில் ஏற வேண்டும். ஒன்பது மாதத்தில் முப்பத்தொன்பது வெள்ளிக்கிழமை வருகிறது. ரயிலில் படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்திருந்தான்.

இருபத்தைந்து வயதுக்குள் ஷில்லாங்கில் மழையில் வாசித்திருக்கிறான், புஷ்கரில் ஒட்டகச் சாணி வாடைக்கு நடுவே வாசித்திருக்கிறான், கோவாவில் ஒரு ஓலைக் கொட்டகைக்குள் பத்தே பத்துப் பேருக்கு விடிய விடிய வாசித்திருக்கிறான். சொந்தமாக ஒரு கட்டில் கிடையாது. நாளைக்கு எந்த ஊர் என்று கேட்டால் போனை எடுத்துப் பார்த்துத்தான் சொல்வான். பதிவு செய்த பாட்டு என்பது அவனைப் பொறுத்தவரை கடைச் சரக்கு. எப்போது எடுத்து நிறுத்தாலும் அதே எடை. மேடையில் வாசிப்பது கடலில் கிடக்கிற மீன். வலைக்கு வந்தால்தான் உண்டு, வராத நாளில் யார் மேலும் பழி போட முடியாது. வந்த நாளில் நாலாவது ஐந்தாவது பாட்டுக்கு மேல் கை தன்பாட்டுக்குப் போகும். தான் கொஞ்சம் தள்ளி நின்று அதை வேடிக்கை பார்க்கிற மாதிரி இருக்கும். அதற்கு அவன் விடுதலை என்று பேர் வைத்திருந்தான். தெரியாத ஊர்களில் தெரியாத ஆட்களிடம் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசியும் இருக்கிறான்.

அப்பா ஒரே ஒரு முறை மதுரைக்கு வந்து அவன் வாசிப்பைக் கேட்டார். திங்கட்கிழமை. கல்லூரி மைதானத்தில் கடைசி வரிசையில் கையை இறுகக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவது பாட்டில் பார்த்தால் ஆளைக் காணோம். முடிந்தபிறகு தேடிப் போனான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். "கொட்டு நல்லாத்தான் இருக்குலே. பக்கத்துல நின்னா எனக்கு ஆகாது" என்றார். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவர் செத்தபிறகு அது ஒவ்வொரு மேடையிலும் ஞாபகம் வந்தது. தான் விடுதலை என்று திறந்து வைத்திருக்கிற கதவும், அப்பா பயந்து சாத்தி வைத்த கதவும் ஒன்றுதானோ என்ற கேள்வி வந்த நாளிலிருந்து ஐந்தாவது பாட்டுக்கு மேல் அவன் கொஞ்சம் அடக்கியே வாசித்தான். ஷாம்கூடக் கேட்டுவிட்டான், உடம்புக்கு என்ன என்று.

கொடைக்குப் பந்தக்கால் நாட்டிவிட்டால் வீட்டில் மீன் கிடையாது. துறைமுகத்து ஊரில் எட்டு நாள் மீன் இல்லாமல் இருப்பதே பாதி விரதம். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போட்டாள் வடிவம்மாள். வெளியே கச்சான் காற்று உப்பளத்து மண்ணை வாரிக்கொண்டு வந்து தட்டில் போட்டது. பெரியப்பா வன்னியபெருமாள் வந்து உட்கார்ந்து, சரக்கு தள்ளிவிடுகிற நாளில் பேசுகிற குரலில் பேசினார்.

"ஏலே, சாமி யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனா ஆளைப் பாத்து வச்சிரும்."

"உங்களைப் பாக்கலையா பெரியப்பா?"

"எனக்கு முழங்கால் தேய்ஞ்சிட்டுன்னு அதுக்குத் தெரியும்லா."

"முப்பது வருஷத்துக்கு முன்னாலயே தெரிஞ்சிட்டோ?"

வடிவம்மாள் துவையலை எடுத்து மகன் தட்டில் ஒரு உருண்டை வைத்தாள். வாயை மூடு என்று அர்த்தம். பெரியப்பா கோபப்படவில்லை. வியாபாரிக்குக் கோபம் வந்தால் சரக்கு நிற்காது. முப்பத்தொன்பது வெள்ளிக்கும் தாமே காரில் போய்ச் சாவி திறந்து கொடுப்பதாகவும், இவன் கப்பலில் இருந்தபடி போனில் முகத்தைக் காட்டிக் கும்பிட்டால் ஆகுமா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றும் ஒரு வழி சொன்னார். விளக்குக் கொளுத்துகிற கை யாருடையது என்று இவன் கேட்டான். அதற்கு அவர் மோர் குடித்தார்.

அவர் போனபிறகு சிவப்பிரகாஷ் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். மேடையில் காது கெடாமல் இருக்க வைத்துக்கொள்கிற ரப்பர் அடைப்பான் இரண்டு ஜோடி. ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தான். இசக்கிசெல்வி அதை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"சாமி காது வழியாத்தான் வருமாண்ணே?"

"கொட்டு காது வழியாத்தான வருது."

"ஆஸ்பத்திரில ஒருத்தருக்கு ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காது. வெடி போட்டா நெஞ்சைப் பிடிச்சிக்கிடுவாரு" என்றாள். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டிருக்க வேண்டும், டப்பாவைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள். கழுத்தோரம் அவளுக்கு மயிர் குத்திட்டு நின்றதை அவன் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை மதியக்கொடைக்கு முன்னால், மேளக்காரர்கள் வேப்ப மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பம்பைக்காரர் முத்துக்குமரன், ஓட்டப்பிடாரத்துப் பக்கத்து ஆள், பம்பையின் கயிற்றைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார். சிவப்பிரகாஷ் அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு நிமிஷம் தோலைப் பற்றிப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணாச்சி, என் பக்கம் மட்டும் வராதிய."

முத்துக்குமரன் தலை நிமிராமல் இன்னொரு இழுப்பு இழுத்தார்.

"நீங்களும் கொட்டுதவர்னு சொன்னாவ. அப்ப மறைக்கதுல அர்த்தமில்ல. நாங்க ஆளைப் பாத்துத்தான் கொட்டுதோம் தம்பி. எவன் உதடு காயுது, எவன் கையைப் பிசையுதான்னு கண்ணு தேடிக்கிட்டே இருக்கும். கண்டுட்டா அங்கன போயி இறுக்குவோம். போகலன்னா வந்தது பாதியில நின்னு தவிக்கும். அது பாவம்லா."

"வந்தது அப்படியே திரும்பிப் போயிட்டா நல்லதுதான?"

"அதைக் கொட்டுதவன்கிட்ட கேக்கக் கூடாது." டீயைக் குடித்து முடித்தார். "உங்க அப்பாவுக்குப் பதினெட்டு கொடை கொட்டியிருக்கேன். அவருக்காக ஒத்துக்கிடுதேன். உங்க பக்கம் வரல. ஆனா நீங்களா என் பக்கம் வந்தா, நான் நிறுத்த மாட்டேன்."

பேரம் படிந்தது. அப்படித்தான் சிவப்பிரகாஷ் நினைத்தான்.

வெயில் தேரி மணலில் பட்டுத் திரும்பி முகத்தில் அறைந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம், இரு பக்கமும் கயிறு கட்டி நடுவே மேளம். நாதஸ்வரம் எடுத்ததும் பெரியப்பாவுக்குப் பருப்பு ஞாபகம் வந்தது. சிவப்பிரகாஷ் காதை அடைத்துக்கொண்டான். எதிரே இசக்கிசெல்வியும் கூந்தலை இழுத்துக் காதை மறைத்திருந்தாள். உலகம் தண்ணீருக்குள் போன மாதிரி ஆனது. எல்லோர் வாயும் அசைந்தது, சத்தம் மட்டும் தூரத்தில் யாரோ மூட்டை இறக்குவதுபோலக் கேட்டது. தப்பித்தோம் என்று நினைத்தான். அப்புறம்தான் மணல் நடுங்குவது தெரிந்தது. செருப்பில்லாத உள்ளங்காலில் ஏறி, முழங்காலில் தங்கி, இடுப்புக்கு வந்தது. காதை அடைக்க ரப்பர் இருக்கிறது, காலை அடைக்க எதுவும் யாரும் விற்கவில்லை. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, கப்பல் போகிற துறைமுகங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நின்றான்.

முத்துக்குமரன் சொன்ன சொல் தவறவில்லை. இவன் பக்கம் திரும்பவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்தவரின் பார்வை பெண்கள் பக்கம் ஓரிடத்தில் நின்றது. சிவப்பிரகாஷ் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு போனான். அங்கே இசக்கிசெல்வி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கயிற்றைப் பிடித்திருந்த கை உதறியது. கண் விரிந்து இவனையே பார்த்தது. உதடு என்னவோ முணுமுணுத்தது, விடாமல் முணுமுணுத்தது. ஆடுவதற்கு முன்னால் அப்பாவின் உதடும் அப்படித்தான் போகும். பம்பை அவளை நோக்கி ஒரு எட்டு வைத்தது. இன்னொரு எட்டு. பக்கத்தில் நின்ற பெண்கள் விலகி இடம் விட்டார்கள். வடிவம்மாள் மகளைப் பார்க்கவில்லை. அவள் இவனைப் பார்த்தாள்.

அவன் கணக்குப் போட்டான். நடித்தால் போதும். அப்பா ஆடுவதைப் பிள்ளையிலிருந்து பார்த்திருக்கிறான், எந்தத் தாளத்தில் கால் மாற்றுவார் என்று மனப்பாடம். முப்பத்திரண்டு தாளச் சுற்று ஆடிவிட்டு விழுந்துவிட வேண்டியது. இரண்டு நிமிஷம். மேளம் தன் பக்கம் திரும்பிவிடும், அவளுக்கு வந்தது அமர்ந்துவிடும். பிற்பாடு உள்ளதை அம்மாவிடம் சொல்லிவிடலாம். கயிற்றைத் தாண்டி, பம்பைக்கும் தங்கைக்கும் நடுவே போய் நின்று, அப்பா எடுக்கிற மாதிரியே வலது காலை எடுத்து வைத்தான். ஒன்று எண்ணினான். இடது காலை வைத்து இரண்டு எண்ணினான்.

கண்ணைத் திறந்தபோது வேப்ப மர நிழலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நிழல் கிழக்கே நீண்டு கிடந்தது. உடம்பு முழுக்க மஞ்சள் தண்ணீர். இடுப்பில் அப்பா உடுத்தி ஆடுகிற, மணி கட்டிய அரைக்கால்சட்டை, சல்லடம். யார் எப்போது கட்டினார்கள் என்று தெரியவில்லை. நாடா வைத்துத் தைத்தது, யாருக்கும் பொருந்தும் என்று ஒரு எண்ணம் ஓடியது. தொண்டை ரணமாக இருந்தது. காதில் அடைப்பான் இல்லை.

இசக்கிசெல்வி பக்கத்தில் உட்கார்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளிப் பந்தலுக்குள் பெரியவர்கள் கூடி நின்று ஏலக் கடை மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு நேரம்?" என்றான். பாதிதான் குரல் வந்தது.

"முக்கா மணி நேரத்துக்கு மேல."

"நான் சும்மாதான் ஆடுனேன் செல்வி. உனக்கு வந்துட்டுன்னு பயந்து."

அவள் நாடியை விட்டுவிட்டாள். "எனக்கா? எனக்கு என்ன வந்துச்சு?"

"நடுங்குனேல்லா. என்னமோ முனங்குன."

"கூப்பிட்டேன்ணே உன்னை" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "உன் காலு ஆடிக்கிட்டே இருந்துச்சு. மேளம் ஆரம்பிச்ச நேரத்துலேருந்து. நீ சிலை மாதிரி நிக்க, காலு மட்டும் மணலைத் தோண்டுது. 'அண்ணே காலு, அண்ணே காலு'ன்னு கத்துதேன். நீ என்னைப் பாத்துக்கிட்டே நிக்க. உனக்குக் கேக்காதுங்கதும் தெரியுது. பயத்துல கையெல்லாம் உதறிட்டு."

அவன் தன் காலைப் பார்த்தான். தனக்குக் கால் ஆடியதே தெரியாது. தெரியாததைக் கண்டு அவள் நடுங்கினாள். அவள் நடுங்கியதைக் கண்டு இவன் இறங்கினான். இதில் முதல் அடி யார் எடுத்து வைத்தது?

"ரெண்டு எட்டு நான் வச்சது எனக்குத் தெரியும்" என்றான். "மூணாவது எட்டு தெரியல."

ஆடினவனிடம் பெரியப்பா வழக்கப்படி கேட்டாராம், இனி கோயில் விளக்குக்கு இந்த வீட்டில் யார் கை என்று. பருப்பை விட்டுவிட்டு ஓடி வந்து கேட்டாராம். இவன் பதில் சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறான். மாடசாமி சிரிக்கும், அதட்டும், கள் கேட்கும், அழுது அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் பந்தலில் அத்தனை பேச்சு. அழுதால் வேண்டாம் என்று அர்த்தம் என்று ஒரு கட்சி. இத்தனை நாள் கழித்து வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் அழுதது என்று இன்னொரு கட்சி. வன்னியபெருமாள் இரண்டுக்கும் நடுவே ஒரு விலை சொல்லி முடித்தார். அடுத்த செவ்வாய், கொடையின் எட்டாம் நாள் பூசையில் இன்னொரு முறை கேட்போம், அதுவரை பையன் போவதும் இருப்பதும் அவன் இஷ்டம். சாமி வாய் திறக்காத விஷயத்தில் மனுஷன் கட்டிப் போட முடியாது.

வடிவம்மாள் வந்து கருப்பட்டி கரைத்த தண்ணீரைக் கொடுத்தாள். நாளைக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். போ என்றோ இரு என்றோ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிடித்துக்கொள்ளவோ எதிர்க்கவோ ஒன்று கிடைத்திருக்கும்.

அப்போது செல்வி எடுத்து வைத்திருந்த அவன் போன் அடித்தது. ஷாம். கப்பலில் முதல் நாள் வாசிக்க ஒரு புதுப் பாட்டு அனுப்பியிருக்கிறானாம், கேட்டுவிட்டு ட்ரம்ஸ் எங்கே நுழையலாம் என்று சொல் என்றான். பின்னால் யாரோ சிரிப்பதும் கண்ணாடிக் குவளை மோதுவதும் கேட்டது. சரி என்று வைத்துவிட்டு, சிவப்பிரகாஷ் போனை மணலில் கவிழ்த்து வைத்தான். மடியில் பாம்பு கிடந்தால் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமைகளைப் பற்றிய பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. இப்போதிருக்கிற பயம் சனிக்கிழமையைப் பற்றியது. நடுக்கடலில், ஆயிரம் பேருக்கு முன்னால், குச்சியைத் தட்டி ஒன்று இரண்டு எண்ணுவான். மூன்று யார் எண்ணுவது?

"கேட்டுப் பாத்திருவோம்" என்றாள் இசக்கிசெல்வி. அழுகை போய் ஆஸ்பத்திரிக் குரல் வந்திருந்தது. "நான் காலைப் பாத்துக்கிடுதேன். ஆடுச்சுன்னா உடனே நிறுத்திருதேன். ஆடலன்னா ஒண்ணுமில்ல, நீ நிம்மதியாக் கிளம்பு."

அவன் வலது காலை நீட்டினான். அவள் குனிந்து, கணுக்காலில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பாட்டைப் போட்டாள். கிட்டார் தொடங்கியது. ஷாமுடைய கைதான், சந்தேகமில்லை. அடியில் ஒரு துள்ளல், உட்கார்ந்திருக்கிறவனை எழுப்புகிற துள்ளல். ட்ரம்ஸ் நுழைய வேண்டிய இடம் வந்தது, கடந்தது. திரும்ப வந்தது. இங்கேதான் நுழைய வேண்டும் என்று அவன் அறிவுக்குத் தெரிந்தது, கடைப் பட்டியலில் ஒரு சாமானின் பெயரைப் படிக்கிற மாதிரி. பாட்டு முழுக்க ஓடி முடிந்தது.

"ஆடலண்ணே" என்றாள் அவள். முகமெல்லாம் வெளிச்சம். "துளிகூட ஆடல. நான் அம்மாட்டச் சொல்லிட்டு வாரேன்." எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு பந்தலைப் பார்க்க ஓடினாள்.

அவன் அங்கேயே இருந்தான். நல்ல பாட்டு. போனை எடுத்து இன்னொரு முறை போட்டான், சத்தத்தை முழுக்க ஏற்றினான். நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு பாட்டுக்கு அவன் கால் சும்மா கிடந்ததில்லை. குனிந்து கட்டை விரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தான், குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. விட்டதும் அது விட்ட இடத்தில் நின்றது.